ஒரு பெட்டிதான், அம்மா

கனடாவுக்கு வரும்போது ஒரு பெட்டிதான் கொண்டுவர வேண்டும் என்று மகள் சொன்ன அன்று, கையில் இருந்த போனைச் சுவரில் எறிந்தேன். கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வெடித்துப்போயிற்று. ஆனால் போன் சாகவில்லை. நிலத்தில் கிடந்தபடியே அவளுடைய குரல் வந்துகொண்டிருந்தது.

"எறிஞ்சிட்டீங்களோ அம்மா? சரி, எடுங்கோ. நான் இன்னும் வைக்கேல்லை."

என் கோபத்தைத் தெரியாதவர் எங்கள் சரவணை ஊரில் இல்லை. பஸ்ஸில் வேண்டுமென்றே வந்து இடித்த ஒருவனைச் செருப்பைக் கழற்றி அடித்திருக்கிறேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. வேலியை முறித்துக்கொண்டு வந்து என் மரவள்ளியைத் தின்ற மாட்டின் சொந்தக்காரனுக்கு முன்னால் கத்தியோடு போய் நின்றிருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் நோயில் செத்துப்போன என் மனிசன், இருந்த காலத்தில் ஒரு நாளும் என்னில் கை வைத்ததில்லை. ஊரில் விசாரித்தால் நான்தான் அவருக்கு அடித்தேன் என்பார்கள். அது ஒரே ஒரு தரம். கள்ளுக் குடித்துவிட்டு வந்து சோற்றுப் பானையைக் காலால் தட்டினால் வேறு என்ன செய்வது?

மகளையும் அடித்துத்தான் வளர்த்தேன். பூவரசங் கம்பு, அகப்பைக் காம்பு, விளக்குமாறு, கையில் எது அகப்பட்டதோ அது. அடியாத மாடு படியாது என்பார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவான் என்பார்கள். அவள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த போதெல்லாம், பார்த்தீர்களா என் அடியை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு அடியைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவளுக்கு அப்போது பதினொரு வயது. தண்ணீர் அள்ளப் போனவள் வாளியைக் கொழுக்கியில் சரியாக மாட்டாமல் கிணற்றுக்குள் விட்டுவிட்டாள். புது வாளி. அவளுடைய கையில் ஈரக் கயிறும் அதன் நுனியில் இரும்புக் கொழுக்கியும் மட்டும் மிஞ்சின. அந்தக் கயிற்றைப் பறித்து, அதாலேயே அடித்தேன். அவள் குந்தி இருந்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். கொழுக்கி இடது சின்ன விரலில் பட்டு எலும்பு முறிந்தது. முறிவுக்குக் கட்டுப் போடுகிற பரியாரியிடம் கூட்டிக்கொண்டு போய், "கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டாள்" என்றேன். பிள்ளையும் ஓம் என்று தலையாட்டினாள். அவர் கட்டிய கட்டுப் பிசகி, விரல் வெளிப்பக்கம் வளைந்தபடியே ஒட்டிக்கொண்டது. கோபத்தில் கயிற்றைத்தான் கண்டேன், நுனியில் கொழுக்கி கிடந்தது தெரியாது என்று எனக்கு நானே இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த மகள் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்ப் பத்து வருடம். போனபோது அவளுடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன். ஒரு சாமானை எடுத்து வைக்கவும் அவளை விடவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று கையைத் தட்டிவிட்டேன். மிளகாய்த்தூள், பனங்கிழங்கு காயவைத்த ஒடியல், புழுக்கொடியல், இரண்டு சீலை என்று ஏறி இருந்து அமத்திப் பூட்டி அனுப்பினேன். இப்போது அவளுக்கு நாலு வயதில் ஒரு மகன் இருக்கிறான். இரண்டாவது வயிற்றில். பிள்ளைப்பேறு பார்க்க எனக்கு விசா வந்திருந்தது. நாலு வருடமாகப் பேரனைப் போன் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறேன். அவனுடைய தலைமயிர் பஞ்சு மாதிரி இருக்குமா, பனந்தும்பு மாதிரி இருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தத் தலையில் ஒரு தரம் கையை வைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

போனை எறிந்த அடுத்த நாள் அவளே திரும்ப அழைத்தாள்.

"கேளுங்கோ அம்மா. ஒரு பெட்டி. இருவத்திமூண்டு கிலோ. உங்கட உடுப்பு, பிறசர் குளிசை, கண்ணாடி. இஞ்சை எல்லாச் சாமானும் கடையிலை கிடக்கு. ஊராற்ற பொதி ஒண்டும் வாங்காதேங்கோ."

"பத்தியச் சரக்கும் இல்லாமல் பிள்ளைப்பெறு பாக்க வந்து நான் என்ன செய்யிறது? வெறுங்கை முழம் போடுமே?"

"சரக்கை வேணுமெண்டால் வையுங்கோ." பிறகு மெதுவாகச் சொன்னாள். "இன்னொண்டு. என்ர பிள்ளையிலை கை வைக்கப்படாது. பகிடிக்கும் வைக்கப்படாது. ஒரு தரம் வைச்சாலும் அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவன். அந்தப் பழக்கத்தையும் பாரமெண்டு நினைச்சு அங்கையே இறக்கிப்போட்டு வாங்கோ."

எனக்கு உச்சி கொதித்தது. பெற்ற தாயைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? ஆனால் பேரனின் முகம் நினைவுக்கு வந்தது. சரி என்றேன். வாழ்க்கையில் நான் வாயை அடக்கிக்கொண்ட நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அது அதில் ஒன்று.

ஒரு பெட்டி என்று சொல்வது லேசு. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகிறார் என்றால் அந்தப் பெட்டி அவருடையது இல்லை, ஊருடையது. விசா வந்த செய்தி கோயிலடிக்குப் போக முதலே பொதிகள் படலை வாசலுக்கு வந்துவிடும். லண்டனில் இருக்கிற மகளுக்கு மிளகாய்த்தூள், பாரிசில் இருக்கிற தம்பிக்குக் கருவாடு. நான் பாரிசுக்குப் போகவில்லை என்றால், கனடாவிலிருந்து நீர் அனுப்பிவிடும் என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் பொதியை வேண்டாம் என்றதாக எடுக்க மாட்டார்கள், உறவை வேண்டாம் என்றதாகத்தான் எடுப்பார்கள். அதைவிடப் பெரிய ஒழுங்கு ஒன்றும் உண்டு. கொண்டுவந்தவருக்கு முன்னால் பொதியை நிறுக்கக் கூடாது. வாங்கி, "வையுங்கோ, பாப்பம்" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் தெரு ஒழுங்கையால் திரும்பிய பிறகு தராசில் போட்டு, பாதியை எடுத்துக் குசினியில் வைத்துக்கொள்ளலாம். அது களவு இல்லை. அவருக்கும் அது தெரியும்.

பயணத்துக்கு எட்டு நாள் இருக்க, ஒரு பின்னேரம் பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். இங்கே பின்னேரம் என்றால் அவர்களுக்கு அங்கே காலைமை. மகள் தான் பார்க்க வேண்டும் என்றாள். போனை அலுமாரியோடு சாத்தி வைத்தேன். வெடித்த கண்ணாடிக்கு உள்ளே அவளும் பேரனும் மேசையில் இருந்தார்கள். அவன் ஒரு கோப்பைப் பாலில் எதையோ போட்டுக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தான்.

"அம்மம்மா, எனக்கு என்ன கொண்டு வாறீங்கள்?" என்றான்.

"எள்ளுப்பாகு, அப்பு."

கட்டிலில் பெட்டி விரித்தபடி கிடந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு வெள்ளைத் துணியில் நான் தைத்த சட்டைகளை மேலே அடுக்கினேன். நிறுத்துப் பார்க்க ஒரு கொழுக்கித் தராசும் பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சாள் வந்தாள். என் மனிசனின் தங்கை, அடுத்த ஒழுங்கை. அவளுடைய ஒரே மகனும் என் மகள் இருக்கிற அதே நகரத்தில்தான் இருக்கிறான். போய் ஒன்பது வருடம், ஒரு தரமும் வந்து தாயைப் பார்க்கவில்லை. மச்சாள் ஒரு உரப்பையைச் சாக்கு ஊசியால் தைத்து, இடுப்பில் பிள்ளையைத் தூக்கிவருவது மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உள்ளுக்கு என்ன கிடக்கு?" என்றேன்.

"கொஞ்சம் தூள். கொஞ்சம் ஒடியல். ஒரு திருவலை."

"திருவலையோ? தேங்காய் திருவுறதோ? கனடாவுக்கோ?"

"அவன் அங்கை வாங்கினது பூப்போலை விழுகுதில்லையாம். சம்பல் இடிக்க ஏலாதாம்."

போனுக்குள் இருந்து மகள் சொன்னாள், "மாமி, குறை நினையாதேங்கோ. அம்மாவுக்கு ஒரு பெட்டிதான். ஏலாது."

அப்போது நான் வாங்கி மூலையில் வைத்திருக்கலாம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கலாம். பிறகு அந்தத் திருவலை என் குசினியில் கிடந்து தேங்காய் திருவியிருக்கும், மச்சாளும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் வாய்க்கு வந்த நியாயத்தை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. தராசை எடுத்தேன். அவளுடைய கண்ணுக்கு முன்னாலேயே பொதியைக் கொழுக்கியில் மாட்டித் தூக்கினேன்.

"எட்டுக் கிலோ," என்றேன். "பாரும், வடிவாப் பாரும். எட்டுக் கிலோ."

மச்சாளின் முகம் கறுத்துப் போயிற்று. "நிறுத்துப் பாக்கிறீரோ? என்ர பிள்ளைக்கு நான் குடுக்கிறதைச் சந்தையிலை மீன் நிறுக்கிறமாதிரி நிறுக்கிறீரோ?"

"நிறுக்காமல் உம்மட பிள்ளையின்ர திருவலையை நான் தலையிலையோ வைச்சுக்கொண்டு போறது?"

"நீர் போய்த்தான் என்ன? உம்மட மோள் உம்மைப் பிள்ளையோடை தனிய விடமாட்டாள். ஊருக்கே தெரியும். உம்மட கையைத் தெரியாத ஆக்கள் ஆர் இருக்கினம்?"

அவள் சொன்னது முழு உண்மை. அதனால்தான் அடித்தேன். கன்னத்தில் ஒன்று. அவள் என் கொண்டையைப் பிடித்தாள், மற்றக் கையால் முகத்தைப் பிறாண்டினாள். ஐம்பது வயது தாண்டிய இரண்டு பெண்கள் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நாய்கள் மாதிரிப் பிடுங்குப்பட்டோம். இழுத்த இழுவையில் உரப்பை கிழிந்து தூள் பை வெடித்தது. அறை முழுவதும் மிளகாய். கண் தெரியவில்லை, மூச்சு விட முடியவில்லை, இருமிக்கொண்டே அடித்தோம். கீழே கிடந்தது எதுவோ என் கையில் வந்தது. அது திருவலை என்று எனக்குத் தெரியும். இந்த முறை தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஓங்கினேன்.

மச்சாள் குந்தி இருந்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். திருவலையின் பல்லு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அவளுடைய கையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இரத்தம் கட்டிலில் விழுந்தது, பெட்டியில் விழுந்தது, வெள்ளைச் சட்டைகளில் விழுந்தது. காயத்தில் தூள் பட்டதும் அவள் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் கிடக்கிறது.

"அம்மா, அம்மம்மா அடிக்கிறா," என்று பேரனின் குரல் கேட்டது.

போனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். மகளின் கை குறுக்கே வந்து அவனுடைய கண்ணை மூடியது. அந்த வளைந்த சின்ன விரல் அவனுடைய நெற்றியில் கிடந்தது. அவள் கத்தவில்லை.

"டிக்கட்டை நிப்பாட்டுறன் அம்மா," என்றாள். பிறகு கண்ணாடி இருண்டது.

எனக்கு அழக்கூட நேரம் இருக்கவில்லை. பயணத்துக்கென்று வாங்கிய புதுத் துவாயால் மச்சாளின் கையைச் சுற்றிக் கட்டி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஒன்பது தையல் போட்டார்கள். தாதி கட்டுப் போட்டபடியே, "என்ன நடந்தது?" என்று கேட்டாள். அடிபட்ட காயம் என்றால் பொலிசுக்குப் போகும். பொலிசுக்குப் போனால் என் பயணத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

"வழுக்கி விழுந்திட்டன்," என்றாள் மச்சாள். "திருவலைக்கு மேலை."

தாதி என் முகத்தில் இருந்த நகக்கீறல்களைப் பார்த்தாள். "நீங்களும் விழுந்தனீங்களோ அம்மா?"

"ஓம்," என்றேன்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருக்கும்போதுதான், வழுக்கி விழுந்திட்டாள் என்று நான் பரியாரிக்குச் சொன்ன நாள் வந்து முன்னால் நின்றது. பதினொரு வயதுப் பிள்ளை ஓம் என்று தலையாட்டியது வந்து நின்றது. நோவில் தலையாட்டினாள் என்று நினைத்திருந்தேன். இல்லை, எனக்குப் பயந்து தலையாட்டியிருக்கிறாள். சீ, நானும் ஒரு தாயா என்று அன்றைக்குத்தான் முதல்தரம் என்னை நானே கேட்டேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மச்சாள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். "என்னை மன்னியும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்றேன்.

"உமக்காண்டிச் சொல்லேல்லை. நீர் போகாட்டி என்ர சாமானை ஆர் கொண்டு போறது?" என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, "உமக்கு முழு விசர். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு," என்றும் சொன்னாள்.

"மன்னியும் மச்சாள்," என்றேன்.

வீட்டுக்கு வந்து மகளை அழைத்தேன். எடுக்கவில்லை. பத்துத் தரம் அழைத்திருப்பேன். கடைசியில், பேசி அனுப்புகிற அந்த மைக் படத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். "பிள்ளை, நீ கிணத்தடியிலை வழுக்கி விழேல்லை. நான் அடிச்சனான். கயித்திலை கொழுக்கி கிடந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சனான். நீ என்னைக் கூப்பிடாட்டியும் பரவாயில்லை. அதைச் சொல்லோணும்." கையை எடுத்ததும் அது போய்விட்டது. திருப்பி எடுக்க எனக்குத் தெரியாது.

நாலு நாள் ஒரு பதிலும் இல்லை. இரத்தம் பட்ட சட்டைகளைத் தோய்த்துப் பார்த்தேன், கறை போகவில்லை, அடுப்பில் போட்டேன். பெட்டியை வெறுமையாக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஐந்தாம் நாள் காலைமை போன் அடித்தது. நான் சொன்னதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

"டிக்கட் கிடக்கு. நிப்பாட்டேல்லை. வாங்கோ," என்றாள். "பெட்டி வேண்டாம் அம்மா. ஒரு கைப்பையோடை வாங்கோ."

ஏழு கிலோதான் கைப்பை. இரண்டு மாற்றுச் சீலை, ஒரு கம்பளிச் சட்டை, குளிசை, கண்ணாடி, வறுத்து இடித்த சரக்கு, பேரனுக்கு எள்ளுப்பாகு. வெளிக்கிடுகிற அன்று மச்சாள் கட்டுப் போட்ட கையோடு வந்து ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். தூள் என்றாள். நான் நிறுக்கவில்லை. எவ்வளவு என்றும் கேட்கவில்லை. ஒரு சீலையை எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டலத்தை வைத்தேன். பிளேனில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கிப் பெட்டிக்காகக் காத்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் நேரே வெளியே நடந்தேன். மகள் சொன்ன அந்தப் பாரத்தையும் இறக்கிப்போட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

மகள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரன் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்குள் பார்த்ததைவிடச் சின்னப் பிள்ளை. பையைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் போனேன். நாலு வருடமாக நினைத்து வைத்தது, அவனுடைய தலையைத் தடவக் கையைத் தூக்கினேன்.

அவன் குந்தி இருந்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான்.

என் கை அப்படியே நின்றது. அன்றைக்குப் போனில் பார்த்த பயம் என்று நினைத்தேன். "அம்மம்மா அடிக்கமாட்டன் அப்பு. இனி ஒரு நாளும் அடிக்கமாட்டன்," என்றேன். அவன் கையை எடுக்கவில்லை.

"உங்களுக்குப் பயந்து இல்லை அம்மா," என்றாள் மகள். என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஆர் கை தூக்கினாலும் அவன் உப்பிடித்தான் செய்யிறவன். நான்தான் அடிக்கிறது. எனக்கு நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு."

நான் அந்த நிலத்திலேயே அவனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். ஆட்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானோ சாமான்?" என்று என் பையைப் பார்த்துக் கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். பத்து வருடத்துக்கு முன் அவளுடைய பெட்டியை அடுக்கி, அமத்திப் பூட்டி அனுப்பியது நான்தான்.